தோட்ட நேரத்துக் கிரகணம்

சிசிலியிடம் வானத்தைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வாள். ஈரக் கையோடு நட்சத்திரம் பேசக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க இருபது குழந்தைகளைக் கழுவித் துடைத்துத் தொட்டிலில் போடுகிறவளுக்குக் கை காய்ந்திருக்கும் நேரம்தான் சொந்த நேரம். அந்த நேரத்தில் மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். இவள் சூரியனையும் சந்திரனையும் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகலைக்கு மேலே இரண்டு மைல் ஏறினால் வரும் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் அவள் பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருந்தாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலை ஏறிவிட்டால் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற நீளமான தகரக் கூரை அறைக்குத்தான் பிள்ளைக் காம்பரா என்று பெயர். 1948ஆம் வருஷம் அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். கணவன் வியாகுலம், ஸ்டோர் என்று எல்லாரும் சொல்லும் தேயிலை ஆலையில் வேலை பார்த்தான். கல்யாணமான நாலாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிள்ளை பெறாதவளிடம் பிள்ளைகளைக் கொடுப்பதா என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். இரண்டு மாதம் போனதும், ஆயம்மா கைபட்டால் அழுகிற பிள்ளை அழுகையை மறந்துவிடும் என்று அதே நாலு பேர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

வானம் அவளுக்குப் பாவா கடை வழியாக வந்தது. கொட்டகலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாவா, அட்டனிலிருந்து பழைய பேப்பரைக் கட்டுக்கட்டாக வாங்கிச் சாமான் சுற்றிக் கொடுப்பார். அந்தப் பேப்பரில் வாரத்துக்கு ஒருமுறை மாணவர்களுக்கென்று ஒரு பக்கம் வந்தது. யாரோ ஒரு வாத்தியார் சூரியனில் தொடங்கி ஒவ்வொரு கிரகமாக எழுதிக்கொண்டு போயிருந்தார். அவர் ஒழுங்காகத்தான் எழுதினார். பாவா கடையில் அது ஒழுங்காகக் கிடைக்க வேண்டுமே. சிசிலிக்கு முதலில் கிடைத்தது சனிக்கிரகம். அது கருவாடு சுற்றி வந்தது. சனியைச் சுற்றி வளையம் உண்டு என்று படித்த அன்று அவள் கருவாட்டை அடுப்பில் தீயவிட்டாள். அடுத்த மாதம் மல்லியோடு சந்திரன் வந்தது. சூரியன் வந்து சேர ஒரு வருஷம் ஆயிற்று. வியாழன் வந்த தாளில், அதைச் சுற்றும் நிலாக்கள் மொத்தம் என்று தொடங்கிய வரி எண்ணெயில் ஊறிப் போயிருந்தது. ஆகவே வியாழனுக்கு எத்தனை நிலா என்று யார் கேட்டாலும் "நிறைய" என்றுதான் பதில் சொல்லுவாள்.

விஷயம் தெரிந்தபின் பாவாவும் தன் பங்குக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்ப்பார். இன்றைக்கு வானம் இல்லை, கிரிக்கெட்தான் இருக்கிறது என்று வருத்தத்தோடு சொல்லுவார். செவ்வாய் மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அட்டனில் எவளோ செவ்வாய் தோஷக்காரி வாங்கிப் போயிருப்பாள் என்று பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பெண்கள்தான் அவளுடைய வகுப்பு. காலை பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருவார்கள். கூடையை வாசலில் வைத்துவிட்டு, தலையில் போட்ட கம்பளியை உதறிவிட்டு, ஆளுக்கொரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். பிள்ளை குடிக்கிற நேரம் தாய்க்கு வேறு வேலை இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது என்று சிசிலி முதன்முதலில் சொன்னபோது, ஒரே ஆள் இரண்டு சுற்று எப்படிச் சுற்றுவது என்று கேட்டார்கள். அவள் எழுந்து நின்று கும்மி அடித்துக் காட்டினாள். நடுவில் விளக்கு. கும்மி அடிக்கிறவள் ஒரு தட்டுக்கு ஒருமுறை தானும் திரும்பிக்கொண்டு விளக்கையும் சுற்றி வருகிறாள். விளக்கைப் பார்த்து நிற்கும்போது அவள் முகத்துக்குப் பகல், முதுகைக் காட்டும்போது இரவு. விளக்கை ஒரு வட்டம் சுற்றி முடித்தால் ஒரு வருஷம். அப்படியென்றால் பூமி முந்நூற்று அறுபத்தைந்து தட்டுத் தட்டினால்தான் ஒரு வட்டமா என்று ஒருத்தி கணக்குக் கேட்டாள். அதேதான் என்றாள் சிசிலி. இவ்வளவு வேகமாகச் சுற்றினால் நமக்குத் தெரியாதா என்றதற்கு, ரயிலில் போகும்போது மரம் ஓடுவதுபோலத்தானே தெரிகிறது, நாமும் ரயிலுக்குள்ளேதான் இருக்கிறோம் என்றாள்.

சந்திரனைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தணிந்துவிடும். சந்திரன் பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனால் ஒருநாளும் முதுகைக் காட்டுவதில்லை. எப்போதும் ஒரே முகம்தான். தொட்டிலுக்குள் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தபடியே தாய் தொட்டிலைச் சுற்றி வந்தால் எப்படியோ அப்படி என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தொட்டிலை ஒரு சுற்று வந்து காட்டுவாள்.

இந்த வகுப்பில் பிள்ளையே இல்லாமல் வந்து உட்கார்ந்தவள் ஒருத்தி உண்டு. அவள் பூரணி. மூன்றாம் லயத்துக் காளியாயியின் மருமகள். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போயிற்று. இரண்டாவது முழுசாகப் பிறந்து ஒருநாள் உயிரோடு இருந்தது. அதன்பிறகும் பூரணி பத்து மணிக்கு மற்றவர்களோடு இறங்கி வந்தாள். வந்து, அழுகிற பிள்ளை எதையாவது தூக்கி ஆட்டிக்கொண்டு இருப்பாள். ஏன் வந்தாய் என்று சிசிலி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமல், வானத்தைப் பேசிக்கொண்டே இருந்தாள். மற்றப் பெண்கள் சிரிப்பதற்காகக் கேட்டார்கள். பூரணி உள்ளே வாங்கிக் கேட்டாள். விடியுமுன்னே மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, கிழக்கே தெரியும் விடிவெள்ளி நட்சத்திரமே இல்லை, நம் பூமி மாதிரி ஒரு கிரகம், அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்று சிசிலி சொல்லியிருந்தாள். நட்சத்திரம் மினுக்கும், கிரகம் மினுக்காமல் நிலையாக எரியும், வேண்டுமானால் பார்த்துக்கொள் என்றும் சொல்லியிருந்தாள். பூரணி ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றாள். பகலில் அதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டாள். எங்கேயும் போவதில்லை, அங்கேயேதான் இருக்கிறது, சூரிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று சிசிலி சொன்னதைக் கேட்டுவிட்டு, மடியில் கிடந்த பிள்ளையை மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள்.

1955ஆம் வருஷம் பூரணி மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். ஆனி மாதம் ஏழு மாதம் ஆயிற்று. அந்த மாதம்தான் சூரிய கிரகணம் வரப்போகிறது என்ற செய்தியும் வந்தது.

பேப்பரெல்லாம் அதே பேச்சு. பொலன்னறுவைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடிகளோடு வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று பாவா சொன்னார். இந்த முறை அவர் பழைய தாளுக்குக் காத்திருக்கவில்லை. அன்றைய பேப்பரிலேயே கிரகணப் பக்கத்தைக் கிழித்துச் சிசிலிக்குக் கொடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை காலை ஏழு மணி சுமாருக்குத் தொடங்கி, எட்டேகாலுக்குள் நன்றாக இருட்டி, ஒன்பதரைக்குள் எல்லாம் விலகிவிடும் என்று போட்டிருந்தது.

காளியாயி கெட்டவள் இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகளைத் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தவள். பிள்ளைத்தாய்ச்சி மேலே கிரகணம் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும், விரல் ஒட்டியிருக்கும் என்பது அவளுக்கு அவள் மாமியார் சொன்னது, அந்த மாமியாருக்கு அவள் மாமியார் சொன்னது. மூன்றாவதையும் பறிகொடுக்க அவளிடம் தெம்பு இல்லை. ஜன்னலுக்குச் சாக்கு அடித்து, கதவை அடைத்து, கிரகணம் முழுசாக விலகும்வரை மருமகளை இருட்டறையில் உட்கார வைப்பது என்று அவள் ஒரு மாதம் முன்பே முடிவு பண்ணிவிட்டாள்.

சிசிலி அவளிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். கட்டைவிரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் எதிரே இருக்கிற முழு மலையும் மறைகிறதல்லவா, அதுமாதிரிதான் இதுவும். சூரியன் சந்திரனைவிட நானூறு மடங்கு பெரிசு, ஆனால் நானூறு மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால் சந்திரன் குறுக்கே வந்தால் அச்சாக மூடிவிடும். விழுவது வெறும் நிழல். அப்படியானால் ஒவ்வோர் அமாவாசைக்கும் ஏன் மூடுவதில்லை என்று காளியாயி கேட்டாள். நல்ல கேள்வி அது. பத்து மணி வகுப்பில் ஒருத்திகூடக் கேட்டதில்லை. சந்திரன் போகும் பாதை சற்றுச் சாய்ந்திருக்கிறது, மேல் ரோடும் கீழ் ரோடும்போல. அவை இரண்டே இடத்தில்தான் சந்திக்கின்றன, அந்த இரண்டு இடத்தையும்தான் ராகு கேது என்று பெரியவர்கள் சொன்னார்கள், பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை என்றாள் சிசிலி.

"ரெண்டு ரோடு சேர்ற எடத்துலதான ஆயம்மா பஸ்ஸு மோதுது," என்றாள் காளியாயி.

சிசிலி எழுந்து காம்பராவுக்குத் திரும்பினாள்.

சனிக்கிழமை றோலண்ட் கணக்கப்பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்கே வந்தார். மேற்பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டு வைத்தால் ஒரு பெண்ணும் வர மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். பேர் பதிந்து வேலைக்கு ஆளைப் பிரித்து அனுப்புகிற பெரட்டை எத்தனை மணிக்குத் தள்ளிவைக்கலாம் என்று சிசிலியைக் கேட்டார். இருட்டு எட்டேகாலுக்குள் முடிந்துவிடும், எட்டரைக்கு வைக்கலாம் என்றாள். பேச்சைக் கேட்டு வாசலுக்கு வந்திருந்த காளியாயி ஒன்பதரைவரை என்று சொல்லிப் பார்த்தாள். மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சத்துக்கு நான் மலையைக் காயப்போட முடியாது என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளை போய்விட்டார். பெரட்டுக்கு வராதவளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலியும் இல்லை. ஆக, எட்டரைவரை பூரணி உள்ளே இருப்பாள், இருட்டு கடந்துவிட்டது என்று சிசிலி வந்து சொன்னால் வெளியே வருவாள் என்று பேச்சு முடிந்தது. காளியாயி அரை மனசோடு சம்மதித்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தோட்டத்து மணிக்கூடு உலகத்து மணிக்கூடு இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு துரை, சனங்கள் நேரத்தோடு எழும்பட்டும் என்று ஸ்டோர் மணிக்கூட்டை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வந்த துரைமாரும் அதைத் தொடவில்லை. ஸ்டோரில் மணி அடித்தால் எழும்புவார்கள், மணி அடித்தால் சாப்பிடுவார்கள். மூன்று தலைமுறையாக அதுதான் நேரம். கொட்டகலையில் ரயில் பிடிக்கப் போகிறவன் மட்டும் மனசுக்குள் அரைமணியைக் கழித்துக்கொள்வான். ரயிலேறிப் போக யாரும் இல்லாத சிசிலிக்கு அதற்கு அவசியம் வந்ததில்லை. சூரியன் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருப்பதும், அதன் வெளிச்சம் இங்கே வர எட்டு நிமிஷம் ஆவதும் அவளுக்குத் தெரியும். ஸ்டோர் மணிக்கூடு பொய் சொல்லும் என்பதும் தெரியும்தான். ஆனால் பேப்பரில் எட்டேகால் என்று படித்தபோது அது ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே மேகம். தென்மேற்குக் காற்று மழைத்தூறலை லயத்துக் கூரைமேல் வாரி இறைத்தது. கதவுகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தோட்டத்து நேரம் எட்டேகாலுக்கு மணியைப் பார்த்துவிட்டுச் சிசிலி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்றாம் லயத்துக்குப் போனாள். வானம் மங்கலாக இருந்தது. மழைக்காலத்தில் என்றைக்குத்தான் மங்கலாக இல்லை? மேகத்துக்குப் பின்னால் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, கண்ணால் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

உள்ளே காளியாயி பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நட்டு வைத்திருந்தாள். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை பிடிமானம் இல்லாமல் தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. உலக்கை நட்டமாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு எதிரே, சாக்கு அடித்த ஜன்னலுக்குக் கீழே, பூரணி வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டு கடந்துவிட்டது, வா என்றாள் சிசிலி. உலக்கை இன்னும் நிற்கிறதே என்றாள் காளியாயி. அந்த நேரம் பார்த்துப் பெரட்டு மணி அடித்தது.

சிசிலி சிரித்தாள். ஏளனமாக இல்லை, அன்பாகத்தான் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

பெரட்டுக் களத்தில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பாதிப் பேர் ஆவதற்குள் சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இருட்டு வந்தது. மழை இருட்டு இல்லை அது. மழை இருட்டு கருக்கும். இது பச்சைத் தேயிலையைச் சாம்பல் நிறமாக்கியது. காற்றுக் குளிர்ந்தது. காகங்கள் கூட்டமாக மரத்துக்குத் திரும்பின. கணக்கப்பிள்ளைக்குப் புத்தகத்தில் எழுத்துத் தெரியவில்லை. ஒருத்தி ஓவென்று அலறினாள். உடனே எல்லாரும் அலறிக்கொண்டு நாலு பக்கமும் ஓடினார்கள். ஓட முடியாமல் நின்றவள் பூரணி ஒருத்திதான்.

அப்போது சிசிலி ஒன்று செய்தாள். தலையில் கிடந்த கம்பளியை உருவிப் பூரணியின் தலையோடு வயிற்றோடு போர்த்தி, அவளை அப்படியே கட்டிப்பிடித்து, தன் முதுகை வானத்துக்குக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். நிழல் ஒன்றும் செய்யாது என்று ஏழு வருஷம் சொல்லிக்கொண்டிருந்த வாய் மாதாவே மாதாவே என்று முனகியது.

கம்பளிக்குள்ளிருந்து பூரணி அவளைத் தள்ளினாள்.

"எடுங்க ஆயம்மா, மூச்சு முட்டுது," என்றாள். தலையை வெளியே நீட்டினாள். மேகம் ஓர் இடத்தில் கிழிந்து கிடந்தது. சூரியன் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, அந்தக் கிழிசலில், ஒரு வெள்ளி மினுக்காமல் நிலையாக எரிந்தது. "அங்க பாருங்க, விடிவெள்ளி. பகல்லயும் அங்கேயேதான் இருக்கும்னு சொன்னீங்கள்ல. இருக்கு."

சூரியன் முழுசாக மூடிற்றோ, ஒரு கீற்று மிஞ்சி இருந்ததோ, அந்த மேகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சில நிமிஷத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. சேவல்கள் மறுபடியும் கூவின. லயத்துப் பக்கமிருந்து காளியாயி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். வந்தவள் சிசிலியைத் திட்டவில்லை. மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது, உலக்கை இன்னமும் நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சிசிலி ஸ்டோர்வரை நடந்துபோய் மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டே முக்கால். அப்போதுதான் அந்த அரைமணி அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டம் அவளைப் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. கேலிதான் செய்தது. இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு ஆயம்மா என்று கேட்டார்கள். தோட்டத்து நேரமா மேகத்து நேரமா என்றும் சேர்த்துக் கேட்டார்கள். துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கணக்கப்பிள்ளை ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. இதையெல்லாம் சிசிலி பொறுத்துக்கொள்வாள். பூரணி பிள்ளைக் காம்பராவுக்கு வரக் கூடாது, அந்தப் பொம்பளையோடு பேசக் கூடாது என்று காளியாயி போட்ட தடையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மலைக்குப் போகும் வழியில் பூரணி ரோட்டில் நின்று ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டுவாள். எட்டாம் மாதம் தொடங்கியதும் காளியாயி அவளை வேலைக்கும் அனுப்பவில்லை, அதுவும் நின்றது.

முதல் பிள்ளை போனது எட்டாம் மாதத்தில்தான்.

அந்த நாட்களில் சிசிலி பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். தாளில் படித்ததெல்லாம் சரி என்று அவளுக்குத் தெரியும். சந்திரன் ஒரு கல் உருண்டை, அதன் நிழல் வெறும் நிழல், நிழல் வயிற்றுக்குள் போய் உதட்டைப் பிளக்காது. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, தொட்டிலில் தூங்கும் பிள்ளைகளின் உதட்டை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பாள், விரல்களை எண்ணுவாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு உலக்கையை வாங்கிவந்து, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நட்டுப் பார்த்தாள். கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, அது பாட்டுக்கு நின்றது. அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. கடைசியில் அதைக் கையாலே தட்டிச் சாய்த்துவிட்டு அழுதாள்.

ஆவணியில் ஒருநாள் காலையில் பூரணிக்கு வலி கண்டது. மருத்துவச்சி ஓடியதைச் சிசிலி பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று பார்த்தாள். இருபது பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் எங்கே போவது? போனாலும் யார் உள்ளே விடுவார்கள்? மாலையில் பிள்ளையை எடுக்க வந்த ஒருத்தி, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னாள். சிசிலி தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டாவது பிள்ளையும் முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. ஒருநாள் போனது, இரண்டு நாள் போனது, ஒரு வாரம் போனது. மூன்றாம் லயத்திலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் காற்றில் வரும்போதெல்லாம் அவளுக்கு உயிர் வந்தது.

ஆறு வாரம் கழிந்து பூரணி வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. அந்தப் பிள்ளையைக் காம்பராவில் விடுவதா, அல்லது காளியாயி வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு வீட்டில் இருந்து வளர்ப்பதா என்று லயமே காத்திருந்தது. அன்று காலை மற்றத் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனபிறகு, காளியாயி தனியாக வந்தாள். கையில் பிள்ளையைச் சுற்றிய துணிப் பொதி. வாசலுக்கு உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

அட்டனில் சாத்திரியாரிடம் போய்வந்ததாகச் சொன்னாள். ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் கேட்டாராம். ஸ்டோரில் மூன்று மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் பிறந்தது என்று சொன்னதற்கு, அது எந்த நேரம், தோட்டத்து நேரமா ரயில் நேரமா, சரியாகத் தெரியாமல் நான் கட்டம் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். சொல்லி முடித்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிசிலி கையைத் துடைத்துக்கொண்டாள். ஜாதகத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. கோயிலில் பாதிரியார் கேட்டால் கண்டிப்பார். ஆனாலும் மணி அடித்தபிறகு எவ்வளவு நேரம், அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்திருந்ததா, மருத்துவச்சி அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அரைமணியைக் கழித்து, இரண்டு மணி நாற்பது நிமிஷம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். எழுதியதை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தாள். காளியாயி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிந்தபிறகும் போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும் ஆயம்மா," என்றாள். "நெழலு ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்புறம் என்னத்துக்குப் பூரணியக் கம்பளியப் போட்டு மூடுனீங்க? அவ சொன்னா."

ஏதாவது சமாதானம் சொல்லலாமா என்று சிசிலி பார்த்தாள்.

"பயமா இருந்துச்சுக்கா," என்றாள். "படிச்சது ஒண்ணும் அப்ப ஞாபகத்துக்கு வரல. அவ வயித்துல இருக்கிற புள்ளதான் ஞாபகத்துல இருந்துச்சு."

காளியாயி தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஒலக்கைய நட்டு வச்சது வேற எதுக்குன்னு நெனச்சீங்க," என்றாள்.

பிறகு படியேறி உள்ளே வந்தாள். துணிப் பொதியைச் சிசிலியின் மடியில் வைத்து, மேல்துணியை விலக்கி, பிள்ளையின் முகத்தை அவள் பக்கம் திருப்பி விட்டாள். உதடு, விரல், காது என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பத்து மணிக்குத் தாய் பால் கொடுக்க வருவாள், அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். படியில் வைத்திருந்த கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மலைக்குப் போனாள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கென்று ஒரு தொட்டில் கட்டித் தயாராக இருந்தது. சிசிலி அதில் போடவில்லை. மற்றப் பிள்ளைகள் அழுதபோது ஒரு கையால் அந்தத் தொட்டில்களை ஆட்டினாள். மறு கையில் இவளை வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து துணியில் விழுந்தபோது அதைத் துடைக்கவும் கை இல்லை. பத்து மணி அடித்து, கூடையை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்த பூரணி இரண்டு கையையும் நீட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று சிசிலி அவளிடம் கெஞ்சினாள்.